யாருக்கும் வலிக்காத தலைப்பு

“தலைப்புக்கு வாங்கம்மா” என்றார் பட்டிமன்ற நடுவர். மேசை மேல் இருந்த மணியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். டிங்.

நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். கேன்டீனுக்குப் பின்னால் போட்டிருந்த சாமியானா. கம்பத்துக்குக் கம்பம் கரும்பு கட்டியிருந்தார்கள். அடிப்பிடித்த பொங்கல் வாசனையும், எங்கள் எல்லோருடைய சட்டையிலும் ஊறிப்போன கூலன்ட் ஆயில் வாசனையும் கலந்து வந்தன. ஓசூர் ஜனவரி என்பதால் பாதிப் பேர் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

“தலைப்பு பாலஸ்தீனம். நீங்க பேரிகை பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு இருக்கீங்க. பஸ்ஸைப் புடிச்சாவது சீக்கிரம் வந்து சேருங்க.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் எங்கள் கம்பெனி ஜி.எம். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. அதனால் இந்த வாரம் அதையே எழுதிவிடுகிறேன்.

எதைப் பேசக் கூடாது

தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வரி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இன்ஸ்பெக்ஷனில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் பேரிகையிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னக் கிராமம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். எங்கள் பக்கத்தில் இதை யாரும் அதிசயமாகச் சொல்லிக்கொள்வதில்லை.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் பொங்கலுக்குப் பட்டிமன்றம் உண்டு. தலைப்பும் வருஷா வருஷம் ஒன்றேதான். குடும்பம் நிம்மதியாக இருப்பது கணவனாலா, மனைவியாலா? கணவன்மார்கள் மேடையேறி மனைவியைத் திட்டுவார்கள். மனைவிமார்கள் கைதட்டுவார்கள். அந்த வருஷம் இளவட்டங்கள் போதும் சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள்.

விழாக் குழு கூடியது. பெண்கள் சார்பில் நான் போயிருந்தேன். இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த சமயம். ஈழத்தைப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர். வெல்ஃபேர் ஆபீசர் பதறிப்போனார். “ஐயோ, வேணாம்ப்பா. போலீஸ் பர்மிஷன் அது இதுன்னு ஆகிப்போவும்.”

ஒகேனக்கல் தண்ணீர்? “யப்பா, நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு கர்நாடகா சைடு அத்திப்பள்ளி, ஆனேக்கல்ல இருந்து வர்றாங்க. போன வருஷம் பார்டர்ல பஸ் நின்னது மறந்துபோச்சா?”

ஒப்பந்தத் தொழிலாளர்? அதற்கு அவர் கேட்டவனை மேலும் கீழும் பார்த்தார்.

அப்போது யாரோ மேசையில் கிடந்த பேப்பரை விரித்தார்கள். காஸாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. இடிந்த வீட்டின் முன்னால் ஒரு பெண் நிற்கும் படம் போட்டிருந்தார்கள். வெல்ஃபேர் ஆபீசரின் முகம் மலர்ந்தது.

“இது நல்லாக்கீதே! ரொம்ப தூரம். நம்ம ஆளுங்க யாருக்கும் வலிக்காது.”

“குண்டு விழறவங்களுக்கு வலிக்குமே சார்” என்றேன்.

“அவங்க என்ன, நம்ம கேன்டீனுக்கா வரப்போறாங்க?” என்று சிரித்தார்.

தலைப்பு முடிவாயிற்று. ‘பாலஸ்தீன மண் யாருக்கு? காலங்காலமாய் வாழ்ந்தவருக்கே! காலம் கடந்து திரும்பியவருக்கே!’ இரண்டு பக்கமும் ஆச்சரியக்குறி போட்டு ஃபிளெக்ஸ் அடித்தார்கள். நடுவில் ஒரு பொங்கல் பானை.

அன்வர் கேட்ட மாற்றம்

அன்வர் என் பக்கத்து மேசைக்காரன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வீடு, அப்பாவுக்கு மாங்காய் மண்டி. வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையோடு மாங்காய் கொண்டுவந்து கேன்டீனில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி எல்லோருக்கும் நறுக்கிக் கொடுப்பான். என்னை அக்கா என்பான்.

வெல்ஃபேர் ஆபீசர் அணி பிரித்தபோது, அன்வரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பாலஸ்தீன அணியில் எழுதிவிட்டார். என்னை எதிரணியில் போட்டார். காரணம் கேட்டேன். “நீங்க பொதுவான ஆளும்மா” என்றார். நான் பொதுவான ஆள், அன்வர் பொதுவில்லாத ஆள். அவன் பெயரிலேயே அவன் கட்சி இருக்கிறதாம். இப்படிப் பிரிப்பதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்குத்தான் சுருக்கென்றது.

அடுத்த நாளே அன்வர் போய் அணி மாற்றிக் கேட்டான். ஏண்டா என்றேன்.

“நா பாலஸ்தீனத்துப் பக்கம் நின்னு என்னா சொன்னாலும், என்னா சொன்னான்னு யாரும் கேக்கமாட்டாங்கக்கா. யாரு சொன்னான்னுதான் பாப்பாங்க. நீங்க சொன்னீங்கன்னா காதுல ஏறும். நா எதிர்ப் பக்கம் பேசிக்கறன்.”

இரண்டு பேரும் இடம் மாறினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்துக்குப் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எதிரெதிர்க் கட்சிக்குப் படித்தோம். நூலகர் எங்களைப் பார்த்துப் பார்த்து மண்டையைச் சொறிந்துகொண்டார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செய்தவரே தன் பீசுக்குப் பாஸ் போடக் கூடாது. இன்னொரு மேசை அளந்து பார்க்க வேண்டும். தேறாவிட்டால் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு. அதையே நாங்கள் பேச்சுக்கும் வைத்துக்கொண்டோம். நான் எழுதியதை அவன் அளப்பான், அவன் எழுதியதை நான் அளப்பேன்.

வெளியிலிருந்து வந்து குடியேறிய யூதர்களுக்கும் அந்த மண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று நான் ஒரு பாயின்ட் எழுதியிருந்தேன். அன்வர் உதட்டைப் பிதுக்கினான்.

“சேப்புப் பொட்டுக்கா. ரெண்டாயிரம் வருஷமா, எந்த தேசத்துல இருந்தாலும் அங்க இருக்கற அந்தப் புனித ஊரு பக்கம் திரும்பி நின்னு தொழுதிருக்காங்க. கல்யாணத்துலயும் எழவுலயும் அந்த ஊரு பேரைச் சொல்லியிருக்காங்க. சம்பந்தம் இல்லன்னு எப்பிடிச் சொல்லுவீங்க?”

அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் எழுதியதில் ஒன்றுக்கு நான் பொட்டு வைத்தேன். பாலஸ்தீனியர் என்று தனியாக ஒரு ஜனமே கிடையாது, அவர்கள் சும்மா அரபுக்காரர்கள், அந்தப் பெயரே நேற்று வந்தது என்கிற பாயின்ட். ஒரு புத்தகத்தில் அப்படி ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தார். அடுத்த புத்தகத்தில் இன்னொருவர், ஊர் ஊராக அங்கே யார் யார் வாழ்ந்தார்கள், என்ன பயிர் வைத்தார்கள் என்று அடுக்கியிருந்தார். அன்வரும் மறுபேச்சுப் பேசாமல் அடித்தான்.

எதிராளிக்கு உரிமை உண்டா இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், எதிராளியே இல்லை என்று மட்டும் நாம் இருவரும் பேசக் கூடாது என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். எங்கள் அணிகளில் மற்றவர்களையும் கேட்டு அந்த ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அனாதீனம்

இங்கே கொஞ்சம் ஊருக்குப் போய் வர வேண்டும். நடுவர் மணி அடிக்க மாட்டார், தைரியமாக வாருங்கள்.

எங்கள் நிலம் ஊர் ஏரிக்கு மேற்கே இருந்தது. மேட்டு நிலம். மானாவாரி ராகி, இடையில் அவரை, ஓரத்தில் கொள்ளு. கிணற்றடியில் இரண்டு மாமரம், அப்பா வைத்தது. நிலத்தின் மூலையில் படுத்த மாடு போல ஒரு பாறை. அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் உழுதோம். ஆனால் பட்டா கிடையாது. வருவாய்த் துறைக் கணக்கில் அந்த இடத்துக்குப் பெயர் அனாதீனம். யாருக்கும் சொந்தமில்லாத, கேட்பாரற்ற நிலம் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. உழுகிறவர் இருப்பார், கணக்கில் ஆள் இருக்காது.

எங்களுக்குப் பக்கத்து நிலம் முனியம்மாவுடையது. அப்பாவுக்கும் முனியம்மாவுக்கும் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வரப்புத் தகராறு. ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சால் வரப்பைத் தின்றுவிட்டாள் என்று அப்பா கத்துவார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. எங்கள் வம்சத்தையே இழுத்துத் தெலுங்கில் ஒரு பாட்டம், கன்னடத்தில் ஒரு பாட்டம் என்று மண்ணை வாரித் தூற்றுவாள். இரண்டு தடவை பஞ்சாயத்து நடந்தது. ஒரு தடவை கொடுவாள்வரை போயிற்று. அவள் வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் போனதில்லை.

ஒரு வருஷம் ராகி முற்றி நிற்கும்போது யானைக் கூட்டம் இறங்கி இரண்டு நிலத்தையும் துவைத்துப் போட்டுவிட்டது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மிதிபட்ட பயிரை அளந்து அப்பாவுக்கும் முனியம்மாவுக்கும் நஷ்ட ஈடு கொடுத்தார்கள். ஆக, யானை தின்றபோது அந்த ராகி எங்களுடையது. அதில் அரசாங்கத்துக்கே சந்தேகம் இருக்கவில்லை.

பட்டிமன்றத்துக்குச் சில வாரங்கள் முன்னால் ஊருக்கு ஜீப் வந்தது. தொழிற்பேட்டைக்கு இடம் பார்க்கிறார்கள் என்றார்கள். வருவாய் ஆய்வாளர் ஒருவர் பாறை மேல் ஏறி நின்று, “இதெல்லாம் அனாதீனம். இங்க யாரும் இல்ல” என்று கூட வந்தவர்களிடம் சொன்னார். அப்பா அவருக்குப் பத்தடி தள்ளிக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா சும்மா இருப்பாரா? மண்வெட்டியோடு போய் நின்றார். “நா இருக்கறன் சார். தோ, அது முனியம்மா நெலம். நா கண்ணுக்குத் தெரியலயா?”

ஆய்வாளர் நிதானமாகத்தான் பேசினார். “பெரியவரே, வீட்ல என்ன பேசுவீங்க? தெலுங்குதான? அப்புறம் என்ன? பார்டர் தாண்டினா ஆந்திரா, குப்பம் பக்கத்துலதான இருக்குது. உங்க ஜனமெல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்குறாங்க. அங்க போயி ஒரு நெலம் வாங்கிக்கலாமே.”

எங்களுக்குக் குப்பத்தில் யாரையும் தெரியாது. அப்பா அங்கே ஒரே ஒரு முறை மாடு வாங்கப் போயிருக்கிறார்.

மேடையில்

அன்றைக்கு முதலில் பேசியவன் அன்வர். திரும்பியவர் பக்கம். அப்படி ஒரு பேச்சை அந்தச் சாமியானா அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

“ஊர் ஊராத் தொரத்தினாங்க. கடைசில கூட்டங்கூட்டமா கொன்னாங்க. தப்பிச்சவங்க கப்பல் ஏறினா எந்தத் துறைமுகமும் எறங்க விடல. உலகத்துல எல்லாக் கதவையும் சாத்திட்டு, ‘உன் பழைய வீட்டுக்கு மட்டும் ஏன் போறே’ன்னு கேக்கறது நியாயமா? போக்கிடம் இல்லாதவன் வேற எங்கங்க போவான்?”

நான் எதிரணி. அவன் சொன்னதில் சிவப்புப் பொட்டு வைக்க எனக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

கூட்டம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தது நடுவருக்குப் பொறுக்கவில்லை. சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த பேராசிரியர் அவர். பத்து நிமிஷம் யாரும் சிரிக்காவிட்டால் தனக்கு அவமானம் என்று நினைக்கிறவர். “அன்வர் பாய், இப்பிடிப் பேசிட்டு வீட்டுக்குப் போனா இன்னிக்கு ராத்திரி சோறு கெடைக்குமா?” என்றார். கெக்கெக்கே என்று ஒரே சிரிப்பு. அன்வரும் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தான்.

அடுத்து எங்கள் அணியில் ஒருவர் எழுந்து எதுகை மோனையோடு எதையோ படித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு அன்வரின் அணியிலிருந்து குமரேசன் வந்தார். டிசைன் பிரிவு எஞ்சினியர், திருநெல்வேலிக்காரர், நல்ல குரல்.

“நான் ஒரே ஒரு கேள்வி கேக்கேன். பாலஸ்தீனியன்னு ஒரு இனம் எங்க இருக்கு? பேரு நேத்து வச்சது. கொடி நேத்து தச்சது. அரபு பேசுத நாடு இருவதுக்கு மேல இருக்கு. ஒரே பாஷை, ஒரே சாப்பாடு. அதுல ஒண்ணுக்குப் போயிர வேண்டியதுதான? அந்த மண்ணு சும்மா காலியாக் கெடந்தது. வந்தவங்கதான் சொட்டு நீர் போட்டுத் தோட்டமாக்குனாங்க. நம்ம ஓசூரு ரோசாத் தோட்டத்துல ஓடுத சொட்டு நீருகூட அவங்க தந்ததுதான்!”

சாமியானா அதிர்ந்தது. விசில் பறந்தது. நான் அன்வரைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அதே வார்த்தைகள். இங்க யாரும் இல்ல. பக்கத்துலதான உங்க ஜனம் இருக்குது. அங்க போயிக்கலாமே. பாறை மேல் நின்றவர் பேசியதைத்தான் இவர் இஸ்திரி போட்ட சட்டையில் பேசுகிறார். எந்தத் தேசமாக இருந்தால் என்ன, ஒருவரை எழுப்பிவிட்டு உட்கார நினைக்கிறவர்களுக்கு வாயில் வருவது ஒரே பேச்சுதான் போலிருக்கிறது.

கையில் இருந்த குறிப்பை மடித்து இடுப்பில் செருகினேன். மைக்கில் என் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். வீட்டில் ஒரு பாஷை, சந்தையில் ஒரு பாஷை, ஆபீசில் ஒரு பாஷை பேசுகிற ஆள், நீ யாரு என்று கேட்டால் ஊர்ப்பெயரைத்தான் சொல்வார் என்றேன். அப்போதுதான் டிங். தலைப்புக்கு வாங்கம்மா. பேரிகை பஸ் ஸ்டாண்டு.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

“அய்யா, நா தலைப்புலதான் நிக்கறன். அன்வர் சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்லீங்க. போக்கிடம் இல்லாம வந்தவங்க வலி நெசம். ஆனா, அவங்க வந்தப்ப அங்க ஒருத்தரு இருந்தாரு. ஆலிவ் மரத்தடில களை எடுத்துக்கிட்டு இருந்தாரு. கொடி எப்பத் தச்சாங்கன்னு அவருக்குத் தெரியாது. மரம் எப்ப வச்சாங்கன்னு தெரியும். அவருகிட்ட எடம் கேக்கலாம், சண்டை போடலாம், கோர்ட்டுக்குப் போகலாம். நீ இல்லவே இல்லன்னு எப்பிடிங்க சொல்றது? இல்லன்னு சொல்லிட்டா எடுத்துக்கறது சுலபம், அதுக்குத்தான சொல்றாங்க?”

டிங். டிங். நேரம் முடிந்துவிட்டதாம். உட்கார்ந்தேன். பேருக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள்.

தீர்ப்பும் ஹாட்பாக்ஸும்

பட்டிமன்றம் என்றால் தீர்ப்பு உண்டு. உலகத்துக்கே தீராத வழக்கை நடுவர் பொங்கல் ஆறுவதற்குள் தீர்த்துவைத்தார். வாழ்ந்தவரும் சரி, திரும்பியவரும் சரி, இருவரும் அண்ணன் தம்பியாக விட்டுக்கொடுத்துப் போனால் எல்லாம் சுபம் என்றார். அந்த நேரத்தில் அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது. யார் எதை விட்டுக்கொடுக்க வேண்டும், யாரிடம் விட்டுக்கொடுக்க இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அதற்குள் மாமியார் ஜோக் ஒன்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

சிறந்த பேச்சாளருக்கு எவர்சில்வர் ஹாட்பாக்ஸ். “தன் சொந்த ஜனத்துக்கு எதிராவே துணிஞ்சு வாதாடின தம்பி அன்வருக்கு!” என்று அறிவித்தார்.

அன்வர் எழுந்து மேடைக்குப் போனான். ஹாட்பாக்ஸை வாங்கவில்லை. மைக்கை வாங்கினான்.

“அய்யா, என் சொந்த ஜனம் கிருஷ்ணகிரி பழையபேட்டைல இருக்கறாங்க. அவங்களுக்கு எதிரா நா ஒண்ணும் பேசலீங்களே.”

கூட்டம் அதையும் ஜோக் என்று நினைத்துக் கைதட்டியது. நடுவர் ஹாட்பாக்ஸை அவன் கையில் திணித்து போட்டோவுக்குச் சிரித்தார். அன்வர் அதை மேசை மேலேயே, மணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்தான்.

வெறும் பொட்டல்

கடைசியில் நன்றியுரை சொல்ல ஜி.எம். வந்தார். கெட்டவர் இல்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்குத் தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்று நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“ஃப்ரெண்ட்ஸ், ஒரு குட் நியூஸ். நம்ம ரெண்டாவது பிளான்ட்டுக்கு இடம் ஏறக்குறைய முடிஞ்ச மாதிரி. பேரிகை ரோட்ல உள்ள தள்ளி. நானே நேர்ல போய்ப் பாத்தேன். ஏரிக்கு மேக்கால, ஒரு பாறை, மாடு படுத்த மாதிரி இருக்கும். ரெண்டு மாமரம். அவ்வளவுதான். அங்க யாருமே இல்ல. வெறும் பொட்டல். குமரேசன் சொன்னாரே, அதே மாதிரி நாமளும் அதைத் தோட்டமாக்கிக் காட்டுவோம்!”

கைதட்டல். என் பக்கத்தில் இருந்தவரும் தட்டினார். எங்கள் அப்பாவின் மாமர நிழலில் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். நிழலில் நிற்கும்போதுகூட இதை யார் வைத்தது என்று ஒரு மனிதருக்குத் தோன்றவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து வீசலாம் போல இருந்தது எனக்கு.

எழுந்து நேராக நடுவர் மேசைக்குப் போனேன். மணியைத் தட்டினேன். டிங்.

ஜி.எம். திரும்பினார்.

“சார், தலைப்புக்கு வாங்க.”

சாமியானாவே குலுங்கியது. அன்றைய சிரிப்புகளிலேயே பெரிய சிரிப்பு அதுதான். ஜி.எம்.மும் சிரித்தார். சிரித்தபடி மைக்கை என் பக்கம் நீட்டினார். அது அவர் செய்த தப்பு.

“அந்த மாமரத்தை வச்சது எங்கப்பா” என்றேன். “அங்க யாரும் இல்லன்னீங்க. இருக்கறாங்க சார். எங்கப்பா நாராயணப்பா இருக்கறாரு. முனியம்மா இருக்கறாங்க. ஏரிக்கரை ஓரம் சின்னப்பய்யா. பாறைக்கு அந்தாண்ட சாந்தம்மா, அவங்க தம்பி முனிராஜு. கொள்ளு போட்டிருக்கறது கிட்டப்பா…”

வெல்ஃபேர் ஆபீசர் ஓடிப்போய் மைக்செட்காரரிடம் கையைக் காட்டினார். மைக் செத்துப்போனது. எனக்கு மைக் எதற்கு? இருபது மெஷின் ஓடுகிற இடத்தில் எதிர்க்கோடிக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பேசிப் பழகிய தொண்டை. ஊரில் அந்தப் பக்கம் உழுகிறவர்கள் பெயரை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசிப் பெயரைச் சொன்னபோது கரும்பு இலை காற்றில் உரசுவது கேட்டது.

அன்வர் மட்டும் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அப்பா கேட்டது

அதன்பிறகு நடந்ததைச் சுருக்கிவிடுகிறேன். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், ஸ்டோருக்கு மாற்றினார்கள். நாங்கள் ஊரோடு மனு போட்டோம், சாலையில் உட்கார்ந்தோம். அப்புறமும் எங்கள் நிலத்தைச் சுற்றிக் கம்பெனிச் சுவர் வந்தது. மாமரத்துக்கும் கிணற்றுக்கும் பணம் கொடுத்தார்கள். நிலத்துக்குக் கொடுக்கவில்லை, அது அனாதீனம். மரம் வைக்க ஆள் இருந்திருக்கிறது, கிணறு வெட்ட ஆள் இருந்திருக்கிறது, நிலத்தில் மட்டும் யாரும் இல்லை. படித்தவர்கள் கூடி உட்கார்ந்து எடுத்த முடிவு இது. பாலஸ்தீனத்தில் என்ன நடக்கிறது என்று புரியவில்லை என்பவர்களை நான் எங்கள் ஊர்ச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தத் தயார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம்.

பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அப்பா களத்தில் ராகிக் கதிரைப் பரப்பிக்கொண்டிருந்தார். உமி பறந்து தலையெல்லாம் வெள்ளையாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஜி.எம். சொன்ன பாறை, மாமரம், பொட்டல். அப்பா கதிரை உதறுவதை நிறுத்தவில்லை. நாங்கள் பேசியது தெலுங்கு, உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

“எம் பேரைச் சொன்னியா?”

“மொதப் பேரே உன்னுதுதான்.”

“சத்தமா சொன்னியா?”

“மைக்ல சொன்னன்.”

அப்பா நிமிர்ந்து அந்தப் பக்கத்து நிலத்தைப் பார்த்தார். முனியம்மா அங்கே தன் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்று காலையில்கூட இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு நடந்திருந்தது.

“அவ பேரை?” என்றார்.

பயந்துகொண்டே சொன்னேன். “அவங்க பேரையும் சொன்னம்ப்பா. ரெண்டாவதா.”

அப்பா ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதினார். உமி பறந்தது.

“வரப்பைத் தின்ன திருடி” என்றார். “ஆனா அங்கதான இருந்தா. சொல்லித்தான் ஆவணும்.”